'நிலையற்ற வானிலை' என்று பலகையில் எழுதலாமா?

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிப் போட்டுவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் விஷயம் புரியட்டும். கொடைக்கானல் மலையில் உள்ள மன்னவனூரில் ஹோம்ஸ்டே ஆரம்பித்திருக்கிறீர்கள். வாசல் பலகையில் 'நிலையற்ற வானிலையின் அழகைக் காண வாருங்கள்' என்று எழுதியாயிற்று. மதுரையிலிருந்து வந்து தங்கிய ஒரு பெரியவர் அதைப் படித்துவிட்டு, "என்னப்பா, கருமாதிப் பத்திரிகை மாதிரி இருக்கு" என்று சிரித்திருக்கிறார். 'நிலையற்ற' என்றால் மாறிக்கொண்டே இருப்பது என்றுதானே பொருள், இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்பது முதல் கேள்வி. 'மாறிக்கொண்டே இருக்கும்' என்பது பேச்சுத் தமிழ், அதைப் பலகையில் எழுதக் கூடாது என்று உங்கள் மாமனார் சொல்வது சரியா என்பது இரண்டாவது. கட்டண அட்டையில் 'மாறும்' என்று போடுவதா, 'மாறுபடும்' என்று போடுவதா என்பது மூன்றாவது.

கொடைக்கானலில் அச்சகங்களுக்கும் விடுதிகளுக்கும் பிழை திருத்திக் கொடுப்பது என் பிழைப்பு. இந்த மூன்றும் என் மேஜைக்கு அடிக்கடி வருகிறவைதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் வாசகத்தில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. பொருள்தான் இடறுகிறது. 'நிலையற்ற' என்ற சொல் ஒன்று மாறுகிறது என்று சொல்லவில்லை. அது நிற்காது, தங்காது, நம்பிப் பிடித்துக்கொள்ள முடியாது என்று சொல்கிறது. மாறுவது வேறு, நிலைக்காதது வேறு. ஒரு நாளில் பத்து விதமாக மாறுகிற ஒன்று, அந்த மாறும் வழக்கத்தை மட்டும் விடாமல் வைத்திருக்கலாம். அதை நிலையற்றது என்று எப்படிச் சொல்வது?

'நில்' என்ற வினையிலிருந்து வந்தது 'நிலை'. பழனியில் தேரோட்டம் முடிந்ததும் 'தேர் நிலைக்கு வந்தது' என்கிறோம், அதாவது தேர் நிற்கவேண்டிய இடத்துக்கு வந்து நின்றுவிட்டது. கதவைத் தாங்கி நிற்கிற சட்டத்துக்கு 'நிலை' என்று பெயர், அதன் கீழ்க்கட்டை 'நிலைப்படி'. ஆற்றிலோ கிணற்றிலோ குளிக்கப் போனால் "அந்தப் பக்கம் நிலை கொள்ளாது, போகாதே" என்று பெரியவர்கள் எச்சரிப்பார்கள். கால் ஊன்ற முடியாத ஆழம் என்று அர்த்தம். வானொலி வானிலை அறிக்கையில்கூட, காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் வங்கக்கடலில் 'நிலைகொண்டுள்ளது' என்பார்கள். எல்லாவற்றிலும் நிற்பது, ஊன்றுவது என்ற எண்ணம்தான் உள்ளே இருக்கிறது. 'அற்ற' சேர்ந்ததும் கால் ஊன்ற இடமில்லை என்று ஆகிவிடுகிறது. அழகுக்கும் அதற்கும் தூரம் அதிகம்.

அப்புறம், இந்தச் சொல்லுக்கு ஒரு பழைய சுமை உண்டு. திருக்குறளின் 34-ஆவது அதிகாரம் 'நிலையாமை'. அது துறவறவியலில், 'துறவு' என்ற அதிகாரத்துக்கு நேர் முன்னால் இருக்கிறது. செல்வம் தங்காது, உயிர் தங்காது, நேற்று இருந்தவன் இன்று இல்லை என்பதெல்லாம் அங்கேதான் வருகிறது. நாலடியார் தொடங்குவதே செல்வம் நிலையாமை, இளமை நிலையாமை, யாக்கை நிலையாமை என்ற மூன்று அதிகாரங்களோடுதான். பள்ளியில் இதையெல்லாம் மனப்பாடம் செய்த தலைமுறைக்கு 'நிலையற்ற' என்று கண்ணில் பட்டதும் சாவும் துறவும்தான் நினைவுக்கு வரும். உங்கள் விருந்தினர் சிரித்ததில் வியப்பில்லை. அவர் காதில் அது அப்படித்தான் விழுந்திருக்கும்.

இன்றைய வழக்கிலும் அந்தச் சாயல் போகவில்லை. நிலையற்ற வாழ்க்கை, நிலையற்ற வருமானம், நிலையற்ற ஆட்சி. எதிர்ப்பதத்தைப் பாருங்கள்: "பையனுக்கு நிலையான வேலை இருக்கா?" என்பது பெண் வீட்டார் கேட்கிற முதல் கேள்வி. பேச்சில் 'நிலையில்லாத' என்று வரும், "நிலையில்லாத மனசு" என்பது போல. 'நிலைகொள்ளாமல் தவித்தாள்' என்றால் ஓரிடத்தில் உட்கார முடியாத பதற்றம். ஒன்றாவது பாராட்டாக இருக்கிறதா? குறையாகவோ, கவலையாகவோ, இரக்கமாகவோதான் இந்தச் சொல் வாயில் வருகிறது. விருந்தினரை வரவேற்கும் பலகைக்கு அது ஆகாது.

சரி, நம் வானிலை உண்மையில் எப்படி? கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காலையில் வெயில் மலைச்சரிவைச் சூடாக்க, பெரியகுளம், வத்தலக்குண்டு பக்கத்துச் சமவெளிக் காற்று ஈரத்தோடு சரிவில் ஏறுகிறது. மேலே வர வரக் குளிர்ந்து, அந்த ஈரம் துளிகளாகி, மலை விளிம்பில் மேகமாக நிற்கிறது. அதனால்தான் மலை விளிம்பு நடைபாதையான கோக்கர்ஸ் வாக்கில் காலையில் சமவெளி வரை தெரிகிற இடம் மதியத்துக்கு மேல் வெள்ளையாக மூடிக்கொள்கிறது. தூண் பாறைக்கு எதிரே டிக்கெட் வாங்கிக்கொண்டு நிற்பவர்கள் பாறை தெரியவில்லை என்று கிளம்பப் போகும்போது மேகம் விலகும், கேமராவை எடுப்பதற்குள் மறுபடி மூடும். இதில் குழப்பமே இல்லை. மேலே ஏறும் காற்று தினமும் அதே வேலையைத்தான் செய்கிறது. மாறுவது காட்சி மட்டும்தான்.

மலையில் பிறந்தவர்கள் இதற்கு 'நிலையற்ற' என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. "மேகம் இறங்குது", "மூடிருச்சு", "விலகிருச்சு", "மழை வெறிச்சிருச்சு" என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு வினை வைத்திருக்கிறார்கள். மொத்தமாகச் சொல்லவேண்டும் என்றால் "மேகம் வந்து வந்து போகும்" என்பார்கள். என்னைக் கேட்டால், உங்கள் பலகைக்கு வேண்டியதெல்லாம் இந்த 'வந்து வந்து போகும்' என்பதற்குள் இருக்கிறது. ஒரு முறை போனால் திரும்ப வரும் என்ற உறுதியும் அதில் சேர்ந்தே வந்துவிடுகிறது.

ஓயாத மாற்றத்தைச் சொல்ல இப்படி இரண்டு வினைகளைச் சேர்ப்பது தமிழுக்குப் பழகிய வழி. விலை ஏறி இறங்கும். நிலா தேய்ந்து வளரும். அணை நிரம்பி வடியும். கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899-இல் தொடங்கியது. சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் என்ற வானியலாளர் 1909-இல் கண்டறிந்தது இங்கேதான். அந்தப் புள்ளிகளின் எண்ணிக்கை சுமார் 11 ஆண்டுகளுக்கு ஒரு சுற்றாகக் கூடிக் குறைகிறது. 'சூரியப் புள்ளிகளின் நிலையற்ற எண்ணிக்கை' என்று யாராவது எழுதினால் அடித்துவிடுவேன். 'கூடிக் குறையும் எண்ணிக்கை' என்பது சரி. குறிஞ்சியும் அப்படித்தான். 2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது. நடுவில் மலை பச்சையாகவே இருப்பதால் அதை நிலையற்ற பூ என்று யாரும் சொல்வதில்லை.

மாமனார் விஷயத்துக்கு வருவோம். 'மாறிக்கொண்டே இருக்கும்' என்பது முழுக்க எழுத்துத் தமிழ். அவர் மனதில் இருப்பது "மாறிக்கிட்டே இருக்கும்" என்பதாக இருக்கலாம். திண்டுக்கல், மதுரைப் பக்கம் 'கிட்டே' என்றும், சென்னைப் பக்கம் 'மாறிட்டே' என்றும் வரும். இவை இரண்டும் பேச்சு வடிவங்கள். இவற்றைப் பலகையில் எழுதுவது உங்கள் ரசனையைப் பொறுத்தது. ஆனால் 'கொண்டே' வடிவத்தைத் தயங்காமல் எழுதலாம். 'கொண்டிரு' என்பது தொடர்ந்து நடப்பதைக் காட்டும் துணைவினை, பாடப்புத்தகத்திலும் செய்தித்தாளிலும் தினமும் வருவது. அதைப் பேச்சு வழக்கு என்று ஒதுக்கினால் எழுதுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. மாமனாரிடம் இதை நீங்களே பக்குவமாகச் சொல்லிக்கொள்ளுங்கள், என்னை இழுக்கவேண்டாம்.

அதில் கவனிக்கவேண்டியது நடுவில் நிற்கிற ஏகாரம், அதாவது 'கொண்டே' என்பதன் கடைசியில் வரும் 'ஏ'. 'வானம் மாறிக்கொண்டிருக்கிறது' என்றால் இப்போது, என் கண் முன்னால், மாற்றம் நடக்கிறது. கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடலாம். 'வானம் மாறிக்கொண்டே இருக்கிறது' என்றால் ஓய்வே இல்லை, சொல்கிறவரும் அதை வியப்போடோ சலிப்போடோ கவனித்திருக்கிறார். ஏகாரம் அந்த உணர்ச்சியையும் கூட்டி வருகிறது. "பஸ் நேரத்த மாத்திக்கிட்டே இருக்காங்க" என்று ஒருவர் சொன்னால் அது தகவல் இல்லை, புகார். அதே ஏகாரம் ஏரியின் நிறத்துக்கு வந்தால் ரசனை ஆகிவிடும்.

இதன் பக்கத்து வீட்டுக்காரர் 'மாறி வருகிறது'. இதைப் பலர் அதே பொருள் என்று நினைத்து மாற்றிப் போடுகிறார்கள், நான் ஒத்துக்கொள்வதில்லை. 'மாறி வருகிறது' என்பதில் ஒரு திசை இருக்கிறது. முன்பு ஒரு மாதிரி, மெல்ல மெல்ல இப்போது வேறு மாதிரி. மன்னவனூர், பூம்பாறை இருக்கும் மேல்மலைப் பகுதியில் புல்வெளியாக இருந்த பல இடங்களில் சீகை, பைன், தைல மரங்களை நட்டார்கள். பிறகு அவை தானாகவும் பரவின. அந்த நிலத்தைப் பற்றி எழுதும்போது 'மேல்மலையின் தோற்றம் மாறி வருகிறது' என்பது பொருந்தும். எல்லாம் முடிந்துபோனதாக நினைக்கிற கிழவருக்கு அது 'மாறிப்போச்சு'. 'போ' சேர்ந்தால் இழப்பு தொனிக்கும். ஆனால் 'மேல்மலையின் தோற்றம் மாறிக்கொண்டே இருக்கிறது' என்று எழுதினால், காலை ஒரு தோற்றம், மாலை ஒரு தோற்றம் என்று மேகத்தையும் வெளிச்சத்தையும் பற்றிப் பேசுவதாகத்தான் வாசகர் எடுத்துக்கொள்வார். நீங்கள் புல்வெளியை மரங்கள் மூடியதைப் பற்றிச் சொல்ல வந்திருந்தால் அது போய்ச் சேராது.

'மாறி மாறி' என்பதையும் சேர்த்துக் குழப்பாதீர்கள். 'வெயிலும் மழையும் மாறி மாறி வந்தன' என்றால் இரண்டே பேர் ஆட்டத்தில் இருக்கிறார்கள், ஒருவர் விட்டதும் மற்றவர். மூன்றாவதுக்கு அங்கே இடமில்லை. ஒரே எழுத்துதான் கூடுகிறது, 'மாற்றி மாற்றி' என்றால் ஆளே வேறு: "மாத்தி மாத்திப் பேசாதே" என்பது பொய்க்காரனுக்குச் சொல்வது. இன்னொன்று, ஹோட்டல் கையேடுகளில் இப்போது அடிக்கடி பார்க்கிறேன், 'எப்போதும் மாறும் வானம்' என்று. எந்த மொழியிலிருந்து வந்தது என்று பார்த்ததுமே தெரிகிறது. தமிழில் 'எப்போதும்' போட்டால் மாறாத ஒன்றைத்தான் காது எதிர்பார்க்கும்: எப்போதும் இருப்பது, எப்போதும் கிடைப்பது. 'எப்போதும் மாறும்' என்று படிக்கும்போது ஒரு கணம் தட்டுகிறது.

கால அளவைச் சேர்த்துச் சொல்ல விரும்பினால் தமிழ் தாராளமாக இடம் கொடுக்கும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு, நான் இதை யாருக்கும் சொல்லாமல் விடுவதில்லை. 'நாளுக்கு நாள்' என்றால் ஒரே பக்கமாகப் போகிற மாற்றம். குளிர் நாளுக்கு நாள் கூடுகிறது, கூட்டம் நாளுக்கு நாள் குறைகிறது. 'நாளுக்கு ஒரு' என்றால் திசையே இல்லை. நாளுக்கு ஒரு விலை, நேரத்துக்கு ஒரு பேச்சு, வேளைக்கு ஒரு வானம். ஆகையால் 'நிமிடத்துக்கு நிமிடம் மாறும் காட்சி' என்பதைவிட 'நிமிடத்துக்கு ஒரு காட்சி' என்பது மேகம் மூடித் திறக்கிற மலைக்கு நன்றாகப் பொருந்தும். முன்னது பிழை என்று சொல்லமாட்டேன். பின்னது சொந்தமாக நடக்கிறது, அவ்வளவுதான்.

'நாளொரு மேனியும் பொழுதொரு வண்ணமுமாக' என்ற தொடரை வண்ணம் என்ற சொல்லுக்காகவே விளம்பரக்காரர்கள் இழுத்துவந்து வானத்துக்கு மாட்டுகிறார்கள். அது வளர்ச்சிக்கு உரிய தொடர். குழந்தை அப்படி வளர்ந்தது என்று கதைகளில் வரும், பயிருக்கும் சொல்லலாம். இப்போது அதைக் கிண்டலாகவும் பயன்படுத்துகிறோம், 'ஏரிச் சாலையில் கடைகள் நாளொரு மேனியும் பொழுதொரு வண்ணமுமாகப் பெருகுகின்றன' என்பது போல. அங்கேயும் வளர்ச்சிதான் நடக்கிறது. மேகம் வளர்ந்து பெரியவனாகி வேலைக்குப் போகப்போவதில்லை.

'நிலையற்ற' என்ற சொல்லை நான் ஒரேயடியாகத் துரத்தவில்லை. அதற்கு உரிய இடத்தில் அதைவிட நல்ல சொல் கிடையாது. பூம்பாறை, மன்னவனூர், கூக்கால், கவுஞ்சி பக்கத்து விவசாயியிடம் பூண்டு விலையைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, பெயர் பரவியது. ஆனாலும் மூட்டையை வடுகபட்டிச் சந்தைக்குக் கொண்டுபோகிறவருக்கு அங்கே என்ன விலை சொல்வார்கள் என்பது கிளம்பும்போது தெரியாது. வியாபாரப் பக்கத்தில் இதை 'ஏற்ற இறக்கம்' என்று எழுதுவார்கள். அது வியாபாரியின் பார்வை: இன்று இறங்கினால் நாளை ஏறும், சரக்கை வைத்திருந்து விற்கலாம். வைத்திருக்க வசதியில்லாதவருக்கு அது 'நிலையற்ற விலை'. நம்பிக் கால் ஊன்ற முடியவில்லை. யார் பக்கம் நின்று எழுதுகிறோம் என்பதைப் பொறுத்து இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவேண்டியிருக்கிறது. கேரட், உருளைக்கிழங்கு, பீன்ஸுக்கும் இதே கதைதான்.

மனிதர்களுக்கு வந்தால் தமிழ் இன்னும் கறாரானது. மனம் இரண்டு பக்கமும் போய் வந்தால் ஊசலாட்டம், கவலையால் கலங்கினால் சஞ்சலம், ஆசையால் சறுக்கினால் சபலம், ஆதாயத்துக்காக மாறினால் பச்சோந்தி. எல்லாவற்றுக்கும் பொதுவாக 'மாறிக்கொண்டே இருக்கும் மனிதர்' என்று எழுதினால், நல்லவரா கெட்டவரா என்று சொல்லாமல் நழுவுகிற மாதிரி இருக்கும். உங்கள் பலகைக்கு இது தேவையில்லை, விட்டுவிடுவோம்.

பலகைக்குத் தேவையானது இன்னொன்று இருக்கிறது. 'வானிலை' போடுவதா, 'காலநிலை' போடுவதா? வானிலை என்பது இன்றைக்கு, இந்த மணிக்கு வானம் இருக்கிற நிலை. காலநிலை என்பது பல பத்து ஆண்டுகளின் சராசரிப் போக்கு. ஆனால் மலைச் செய்திகளில் 'கொடைக்கானலில் இதமான காலநிலை நிலவுகிறது' என்று எழுதி எழுதி, நம் ஊரில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. பேச்சில் அதைத் திருத்தப் போக மாட்டேன். எழுத்தில் மட்டும் ஒரு சிக்கல் இருக்கிறது. 'காலநிலை மாற்றம்' என்ற சொற்சேர்க்கை இப்போது புவி வெப்பமாதலோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. 'காலநிலை மாறிக்கொண்டே இருக்கும் ஊர்' என்று எழுதினால், படிக்கிறவர் நிலச்சரிவையும் பருவம் தப்பிய மழையையும் நினைப்பார். ஆகவே வானிலை போதும். அதுகூட வேண்டாம், மேகம் என்றே எழுதலாம், அதைப் பார்க்கத்தானே வருகிறார்கள்.

நான் எழுதிக் கொடுப்பதாக இருந்தால் 'மேகம் வந்து வந்து போகும் மன்னவனூர்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவேன். கொஞ்சம் நீளமாக வேண்டும் என்றால், 'நிமிடத்துக்கு ஒரு காட்சி. இருந்து பார்த்துவிட்டுப் போங்கள்'. அறைக்குள் வைக்கிற தகவல் அட்டையில் அழகு பார்க்கவேண்டாம், நேராகவே சொல்லுங்கள்: 'இங்கே வானிலை அடிக்கடி மாறும். வெளியே போகும்போது குடையும் ஸ்வெட்டரும் எடுத்துக்கொள்ளுங்கள். டிசம்பர், ஜனவரியில் இரவில் உறைபனி விழும்.' அங்கே 'அடிக்கடி' என்பதுதான் உழைக்கிற சொல்.

கடைசியாகக் கட்டண அட்டை. 'மாறுபடும்' என்றால் ஒன்றுக்கொன்று வேறாக இருக்கும். 'மாறும்' என்றால் ஒன்றே பின்னால் வேறாகும். 'கட்டணம் அறைக்கு அறை மாறுபடும்', 'சீசனில் கட்டணம் மாறும்'. இரண்டாவதில் நீங்கள் சொல்ல விரும்புவது கூடும் என்பதுதான் என்றால் 'ஏப்ரல், மே மாதங்களில் கட்டணம் கூடும்' என்றே எழுதிவிடுங்கள், கவுண்டரில் சண்டை மிச்சம். 'கட்டணம் மாறுதலுக்கு உட்பட்டது' என்பது அரசு அலுவலகத் தமிழ். பணி மாறுதல், பட்டா மாறுதல் என்று மாறுதல் அந்த வளாகத்திலேயே குடியிருக்கிற சொல். தவறில்லை, ஆனால் விருந்தினருக்கு நோட்டீஸ் அனுப்பிய மாதிரி இருக்கும்.

இ-பாஸ், அதாவது மலைக்கு வண்டியில் வர இணையத்தில் எடுக்கிற அனுமதிச் சீட்டு, அது பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வருகிற வண்டிகளுக்கு அது நடைமுறைக்கு வந்தது. 'இ-பாஸ் விதிகள் மாறிக்கொண்டே இருக்கும்' என்று எழுதாதீர்கள். நான் முன்னே சொன்ன அந்த ஏகாரம் அங்கே புகாராகத்தான் கேட்கும், வாடகைக்கு வருகிறவர் வருவதற்கு முன்பே சலித்துப்போவார். 'இ-பாஸ் விதிகள் அவ்வப்போது மாறும். கிளம்பும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்' என்று போடுங்கள்.